மந்தியின் கைகள்

சாயங்காலம் ஐந்தரை. விடாத மழை. பல்கலைக்கழகத்தின் உள்சாலையில் ஆள் நடமாட்டமே இல்லை. இருபுறமும் மூங்கில்கள்... கிறீச், கிறீச்சென்று ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன.

நம் தோழி ஜூலியாவின் அண்ணி சோஃபியாவுக்கு நடந்தது இது. ரிச்சர்ட்ஸ் டவுனில் வீடு. கணவன் கிரண் சான்றிதழ் வாங்க ஆபீசுக்குள் போயிருந்தான். கையில் ஒன்பது மாதக் குழந்தை. மழைக்கு ஒதுங்க இடம் தேடியவள், விலங்கியல் துறை அருங்காட்சியகம் திறந்திருக்கவே உள்ளே நுழைந்தாள்.

"பூட்டுற டைம் மேடம். சட்டுனு பாத்துட்டு வந்துடுங்க," என்றார் வாசலில் இருந்த காவலாளி.

உள்ளே பாச்சை உருண்டை வாடை. குப்பிகளில் பாம்புகள். அலமாரிகளில் பஞ்சடைத்த பறவைகள். கடைசிக் கண்ணாடிப் பெட்டியில், முகம் கறுத்த ஒரு மந்தி. இரண்டு கைகளையும் மார்போடு வளைத்து எதையோ அணைத்திருந்தது... அணைப்புக்குள் ஒன்றுமில்லை.

"குட்டி ஒண்ணு இருந்துச்சு. பூச்சி அரிச்சுப்போய் எடுத்துட்டாங்க," வாசலிலிருந்தே குரல் கொடுத்தார் காவலாளி.

குழந்தை சிரித்தது. மந்தியை நோக்கிக் கை நீட்டியது.

கரண்ட் போனது.

கும்மிருட்டு. எங்கோ ஒரு கண்ணாடி... சர்ரென்று நகர்ந்தது. பிறகு காய்ந்த தோல் மடங்கும் சத்தம். மிக அருகில். யாரோ குழந்தையை வாங்கப் பார்த்தார்கள். பிடுங்கவில்லை... ஒரு தாயிடமிருந்து இன்னொரு தாய் வாங்குவாளே, அப்படி, அக்குளில் கைகொடுத்து, பதமாக.

"குடுக்க மாட்டேன்... இயேசப்பா, குடுக்க மாட்டேன்!"

சோஃபியா குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

விளக்கு வந்தது. பெட்டி பூட்டியபடி இருந்தது. மந்தியும் இருந்தபடியே இருந்தது. குழந்தை அவள் தோளில் தூங்கிப்போயிருந்தது.

அலறியடித்து ஓடிவந்தவளிடம் கிரண், "இருட்டுல பயந்துட்டே, அவ்ளோதான்," என்றான்.

மறுநாள் காலையில் அவனே ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சோதித்தான். வீட்டில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தன. தொட்டிலில் குழந்தை சிரித்துக்கொண்டு கிடந்தது. தலைமுடி முழுக்க ஈரம். யாரோ இரவெல்லாம் உட்கார்ந்து பேன் பார்த்ததுபோல, வகிடு வகிடாகப் பிரிந்திருந்தது.

அதன்பின் தினமும் அப்படித்தான். பாதர் வந்து ஜெபித்து, தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். அது நிற்கவில்லை. சோஃபியா குழந்தையைத் தன் அணைப்பிலேயே படுக்கவைத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

இன்று காலை ஜூலியாவுக்குப் போன் செய்திருக்கிறாள். குழந்தையின் தலை காய்ந்திருக்கிறதாம்.

இப்போது ஈரமாயிருப்பது அவள் தலை.