இரண்டாவது படம்

ஓடுகிற பிள்ளையை வளர்ப்பவர்களுக்கு ஷூவைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். என் மகளுக்கு எப்போதும் வலது ஷூதான் முதலில் தேயும். ஓடுதளத்தில் வளைவு எல்லாம் இடது பக்கம்தான் திரும்பும், அதனால் வலது காலுக்கு உழைப்பு கூடுதல். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஐந்து வருடமாக வாரம் தவறாமல் அந்த ஷூக்களைக் கழுவிக் காயவைத்தவள் நான்.

விசாரிக்க வந்திருக்கிற உங்கள் மூன்று பேரில் ஒருவருக்காவது விளையாடுகிற பிள்ளை இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தால் நான் சொல்வது சட்டென்று புரியும். இல்லாவிட்டால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

இந்த மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருடமாகிறது. என் அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவுக்குள் ஈயத்தகடு. வெளியே மழை பெய்கிறதா என்று உள்ளே வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க" என்று ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்வேன். படுத்திருப்பவர்கள் மேலே இருக்கிற மெஷினைப் பார்ப்பார்களே தவிர என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. என் கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் எட்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. என் நாட்கள் எப்படி இருந்தன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

என் மகளுக்கு எட்டு வயதில் பள்ளி விளையாட்டு விழா. அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. விசில் ஊதியதும் மற்ற பிள்ளைகள் ஓடினார்கள், இவள் பறந்தாள். கோட்டைத் தாண்டியும் நிற்காமல் நேராக என்னிடம் வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, நான் ஜெயிச்சிட்டேனா?" என்று கேட்டாள். ஜெயித்தது கூடத் தெரியாமல் ஓடியிருக்கிறாள். அவள் நெஞ்சு என் வயிற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. அதுவரை என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் இருந்ததில்லை, கல்யாணத்தில் கூட.

அதன் பிறகு கோச் வந்தார். குழுவிலேயே சின்னவள் என்பதால் அவளைப் பொடிசு என்று கூப்பிட்டார். காலை நாலே முக்காலுக்கு எழுந்து ஐந்தரைக்கு மைதானத்தில் இருப்போம். பயிற்சி முடிந்து அவள் பள்ளிக்கு, நான் என் அறைக்கு. மாலையில் மறுபடி மைதானம். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதையே மறந்துபோனோம். என் அக்கா மகள் கல்யாணத்தில் தலையைக் காட்டிவிட்டுப் பந்தியில் உட்காராமல் திரும்பினோம், மறுநாள் காலையில் போட்டி. "ஓடுறது உன் பொண்ணு. உனக்கு ஏண்டி மூச்சு வாங்குது?" என்று அக்கா எல்லோர் எதிரிலும் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்காவோடு பேசி இப்போது இரண்டு வருடமாகிறது.

மைதானத்துக் கேலரியில் பெற்றவர்களுக்குப் பெயர் கிடையாது. பிள்ளை எந்தப் போட்டியோ அதுதான் பெயர். ஈட்டி அப்பா, நீளம் தாண்டுதல் அம்மா, இப்படி. என் மகள் ஓடுவது நானூறு மீட்டர், அதனால் நான் 'நானூறு அம்மா'. நான் படியேறி வந்தால், "நானூறு அம்மாவுக்கு இடம் விடுங்கப்பா" என்று நகர்ந்து உட்காருவார்கள். ஒருவர் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றித் தருவார். ஜன்னல் இல்லாத அறையிலிருந்து வருகிறவளுக்கு அந்த வானமும் அந்த மரியாதையும் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஐந்தே ஐந்து படி உயரம்தான் அந்தக் கேலரி. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பன்னிரண்டு வயதுக்கு மேல் அவளிடம் சில மாற்றங்கள் வந்தன. எழுந்ததும் ஜன்னலில் போய் நின்று மேகம் பார்ப்பாள். "இன்னிக்கு மழை வருமாம்மா?" என்று தினமும் கேட்பாள். பயிற்சி கெட்டுவிடுமோ என்று அவளுக்கு அவ்வளவு கவலை. ஒருநாள் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது, "ஒரு வருஷம் விட்டுட்டு அப்புறம் ஓடட்டுமா?" என்று கேட்டாள்.

"ஒரு வருஷம் விட்டா உன்னைத் தாண்டிப் பத்துப் பேர் போயிடுவாங்க."

"போகட்டுமேம்மா."

களைப்பில் பேசுகிறாள் என்று தெரிந்தது. பின்னலை இறுக்கிக் கட்டி, ரிப்பனை முடிந்து, பாலைக் கையில் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். என் கணவர் அந்த முறை வீட்டில் இருந்தார். "அவ ஓடுறாளா, நீ விரட்டுறியா?" என்றார். மாதத்துக்கு எட்டு நாள் தகப்பனாக இருப்பவருக்குப் பதில் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

தேசியப் பயிற்சி முகாமுக்கு எட்டுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிற போட்டி நெருங்கியது. அப்போதுதான் வலது கால் வலிக்கிறது என்றாள். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, முன்னெலும்பில் ஒரு இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். ஐஸ் வைத்தேன், கட்டுப் போட்டேன். கோச்சுக்குக் கழுகுக் கண். அவள் கால் வைப்பதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"படம் எடுத்துப் பாத்து, ஒண்ணுமில்லைன்னு டாக்டர் எழுதிக் குடுக்கட்டும்மா. அது வர்ற வரைக்கும் பொடிசை நான் ஓட விடமாட்டேன்."

"போட்டிக்குப் பதிமூணு நாள்தான் இருக்கு, சார்."

"கால் ஆயுசுக்கும் வேணும்ல."

அவர் நல்ல மனிதர். அவர் மீது எந்தத் தவறும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் எலும்பு டாக்டரிடம் சீட்டு வாங்கி, என் அறையில் நானே படம் எடுத்தேன். என் மகளை அந்த மேஜையில் படுக்கவைத்து, "அசையாதே" என்றேன். அவள் அசையவில்லை, அவள் எப்போதும் சொன்னதைக் கேட்கிற பிள்ளை. திரையில் படம் வந்தது. முன்னெலும்பின் நடுவில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் தவறவிட்டுவிடுவார்கள். எனக்கு ஒரு பார்வை போதும். இரண்டு மாதம் மாவுக்கட்டு, அதன் பிறகு நாலு மாதம் ஓட முடியாது. முகாம் போய்விடும். அடுத்த தேர்வு ஒன்றரை வருடம் கழித்து.

"அம்மா, எலும்புல ஏதாச்சும் தெரியுதா?" என்று மேஜையிலிருந்தே கேட்டாள். குரலில் ஒரு பரபரப்பு. பாவம், பயந்துபோயிருந்தாள்.

"ஒண்ணுமில்லை, கண்ணு," என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நிம்மதி அப்படித்தான், ஆளை அசத்திவிடும். பிறகு எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

எங்கள் மெஷினைப் பற்றி உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எடுத்த படத்தை அழிக்கத் தலைமை டாக்டரின் ரகசிய எண் வேண்டும். எடுத்த ஒவ்வொரு படமும் யாராவது ஒரு நோயாளியின் எண்ணில் போய்ச் சேர்ந்தாக வேண்டும், இல்லையென்றால் மெஷின் சோதனைக்கு எடுத்தது என்று குறித்தாக வேண்டும். சேராவிட்டால் ஷிப்ட்டை முடிக்கவே மெஷின் விடாது. நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே பெஞ்சில் அடுத்த ஆள் காத்திருந்தார். கதவைத் திறந்தேன். ஒரு தையல்காரரும் அவர் மகளும். பள்ளி மாடிப்படியில் விழுந்துவிட்டாளாம். பதிமூன்று வயது, என் மகளின் உயரம், அதே மெலிந்த உடம்பு. வலது கால். முழங்காலுக்குக் கீழே.

நான் தேடிப் போகவில்லை. தானாக வந்தது.

அந்தப் பெண்ணின் காலைப் படம் எடுத்தேன். வெறும் சதை வீக்கம், எலும்பு சுத்தமாக இருந்தது. சுத்தமான அந்தப் படத்தை என் மகளின் எண்ணிலும், விரிசல் இருந்த படத்தை அந்தப் பெண்ணின் எண்ணிலும் சேர்த்தேன். இரண்டு நிமிட வேலை. தையல்காரர் வாசலில் நின்று கும்பிட்டு, "பாப்பாவுக்கு வலிக்காம எடுத்தீங்க, நல்லா இருப்பீங்க" என்றார். அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன்.

உங்களில் ஒருவர் சென்ற முறை ஒரு கேள்வி கேட்டீர்கள். அந்தப் பெண்ணையே இரண்டு தடவை படம் எடுத்திருக்கலாமே, ஒன்றை அவள் பெயரிலும் இன்னொன்றை உன் மகள் பெயரிலும் போட்டுவிட்டு, உன் மகளின் படத்தை மெஷின் சோதனைக்கு எடுத்தது என்று ஒதுக்கியிருக்கலாமே, அந்தக் குழந்தையாவது தப்பித்திருக்குமே என்று. நான் அதை யோசிக்காமல் இல்லை. ஆனால் தேவையில்லாமல் ஒரு குழந்தையின் உடம்பில் இரண்டாவது முறை கதிர் பாய்ச்சுவது பெரிய தவறு. பத்தொன்பது வருடத்தில் ஒருமுறை கூட நான் அதைச் செய்ததில்லை. என் சுயநலத்துக்காக அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பெண்ணுக்கு மாவுக்கட்டு போட்டார்கள். கட்டு இறுகிக் குதிகாலில் புண் வந்ததும், புண் சீழ் வைத்ததும், அவள் இன்னும் இங்கே வார்டில் இருப்பதும் எனக்குத் தெரியும். வருத்தமாகத்தான் இருக்கிறது. கட்டை இறுக்கிப் போட்டது நான் அல்ல என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

என் மகளுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். கோச் அதைப் படித்துவிட்டு, "சரி, லேசா ஓடட்டும்" என்றார். நான் என் கணக்கைப் போட்டிருந்தேன். நானூறு மீட்டர் என்பது ஒரு நிமிட ஓட்டம். அந்த ஒரு நிமிடம் எலும்பு தாங்கினால் போதும். மறுநாளே நானே இன்னொரு படம் எடுத்து, இப்போதுதான் விரிசல் வந்த மாதிரி காட்டி, வேண்டிய ஓய்வைக் கொடுத்திருப்பேன். முகாமில் இடம் கிடைத்த பிள்ளையை அடிபட்டது என்பதற்காக அனுப்பிவிட மாட்டார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் ஒருதடவை கூட வலிக்கிறது என்று சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். "என்னடி?" என்பேன். "ஒண்ணுமில்லம்மா," என்பாள்.

போட்டி அன்று கேலரி நிறைந்திருந்தது. முதல் இருநூறில் அவள் மூன்றாவது. முந்நூறில் முதல். நான் எழுந்து நின்றுவிட்டேன். ஈட்டி அப்பா என் தோளைப் பிடித்து, "நானூறு அம்மா, நம்ம பொண்ணு! நம்ம பொண்ணு!" என்று கத்தினார். கடைசி வளைவு முடிகிற இடத்தில் சத்தம் கேட்டது. அவ்வளவு கூச்சலிலும் எனக்குக் கேட்டது. இன்னும் இரண்டு அடி வைத்தாள், விழுந்தாள். கோட்டுக்கு எண்பது மீட்டர் இருந்தது. நான் படிகளில் இறங்கி ஓடியது எனக்கு நினைவில்லை.

அன்று அவளுக்குப் படம் எடுத்தது வேறு ஷிப்ட்டுக்காரர். எலும்பு டாக்டர் புதுப் படத்தையும் பன்னிரண்டு நாள் முந்தைய படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை.

"இது உங்க பொண்ணு கால் இல்லையே. யாரோடது?" என்றார். பிறகு, "இத்தனை வருஷமா நீங்க எடுத்த படத்தை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதே இல்லம்மா," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அறுவை சிகிச்சை முடிந்து அவளுக்கு நினைவு திரும்பிய பிறகு, எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். காலுக்குள் கம்பி வைத்திருந்தார்கள். நான் வாய் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"எனக்குத் தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு ஸ்கிரீன்ல பாத்தேன். ஷூ மாட்டும்போது. சின்ன வயசுல ஸ்கூல் விட்டு வந்து உன் ரூம்லயேதானே வளர்ந்தேன், எனக்குப் படம் பாக்கத் தெரியாதா?"

அவள் சாதாரணமாகத்தான் பேசினாள், பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்வது போல.

"நீயே சொல்லிடுவேன்னு தினமும் பாத்துக்கிட்டே இருந்தேன். நீ சொல்லல. அதான் கடைசி வளைவுல அந்தக் கால்லயே ஓங்கி ஓங்கி வச்சேன். முழுசா உடைஞ்சாதான் நீ விடுவே."

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா மட்டும் வந்தால் போதும் என்று நர்ஸிடம் சொல்லியிருக்கிறாளாம். மருந்தின் மயக்கம், வலி, அந்த நேரத்தில் பிள்ளைகள் எதையாவது சொல்வார்கள்.

நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். படங்களை மாற்றியது நான். தெரிந்தே மாற்றினேன். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். விரிசல் விட்ட எலும்போடு பன்னிரண்டு நாள் வாய் திறக்காமல் இருந்து, அதே காலில் முந்நூற்று இருபது மீட்டர் ஓடி, முதல் ஆளாக வந்திருக்கிறாள் என் மகள். அந்த மன உறுதியை எந்தக் கோச்சாலும் சொல்லிக்கொடுக்க முடியாது. கம்பியை எடுக்க ஒரு வருடம் ஆகும் என்கிறார்கள். அடுத்த தேர்வு அதற்குப் பிறகு ஆறு மாதம் கழித்துத்தான், நாங்கள் தயாராகிவிடுவோம்.