லூசியா கொடுத்த குளிசை

நான் மறதிக்காரி அல்ல, ஐயா. தங்கைக்கு ஒருநாளும் நேரம் தவறிக் குளிசை கொடுத்ததில்லை. லூசியா தங்கையைத் தாய்போலப் பார்த்தாள் என்று வங்காலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தங்கை அன்ரோனெற், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள். முப்பத்திரண்டு வயதில் அவளுக்குக் கண்கள் மங்கின. பிறகு கால்கள் சொன்னதைக் கேட்கவில்லை. மல்ரிப்பிள் ஸ்கிளிரோசிஸ், நரம்பின் மேலுறையை உடம்பே அரிக்கிற வருத்தம் என்றார்கள். எனக்குப் பேசியிருந்த கலியாணத்தை வேண்டாம் என்றேன். விடச்சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஆறாம் வருடம் அவள் சுவரைப் பார்த்துப் படுக்கத் தொடங்கினாள். தலை வாரவும் விடவில்லை. கிளினிக்கில் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "மனச்சோர்வும் இந்த வருத்தத்தோட வாறதுதான், அம்மா. சுகப்படுத்தலாம். இந்தக் குளிசையை விடாமல் குடுங்கோ."

கொடுத்தேன். இரண்டு மாதத்தில் சிரித்தாள். மீன்காரச் சிங்கராசாவை யன்னலால் கூப்பிட்டு விளைமீனுக்கு விலை பேசினாள். ஒருநாள் சோறு சாப்பிட்டபடி சொன்னாள்: "அக்கா, அதிபரோட போனில கதைச்சனான். சில்லுக் கதிரையில இருந்தெண்டாலும் படிப்பிப்பன். என்னைப் பார்க்க ஒரு ஆளை வைப்பம். நீங்கள் இனி உங்கட பாட்டைப் பாருங்கோ."

அன்பாகத்தான் சொன்னாள். அது என்னைப் புண்படுத்தியது என்று சொல்லமாட்டேன். யோசிக்க வைத்தது. எனக்கு நாற்பத்தாறு வயது. என் பாடு என்று எனக்கு எதுவும் இருக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து அதற்குப் பதிலாக விற்றமின் குளிசை கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்ததை விழுங்கினாள்.

கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பினாள். பள்ளிக்கூடத்திலிருந்து வரச்சொல்லிக் கடிதம் வந்தது. மறைக்கவில்லை, வாசித்துக் காட்டினேன்.

"ஏலாது எண்டு எழுதுங்கோ" என்றாள்.

ஒருமுறைதான் கேட்டாள்: "அக்கா, குளிசை இப்ப எனக்கு வேலை செய்யேல்லையோ?"

"செய்யும், பிள்ளை. பொறுமையா இரு."

தன்னில்தான் பிழை என்று நம்பினாள். பிறகு சாப்பாட்டை விட்டாள். நான் கரண்டியால் ஊட்டப் பார்த்தேன், வாய் திறக்கவில்லை. தவக்காலத்தில் சளி நெஞ்சில் இறங்கியது. மூன்றாம் நாள் முடிந்துவிட்டது.

பதினொரு மாதத்துக் குளிசைகளும் அலுமாரியில் இருக்கின்றன. ஒன்றையும் எறியவில்லை. கொடுக்காமல் விட்டது நான்தான், தெரிந்தேதான். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் கொலை என்று எழுதாதீர்கள், ஐயா. அவள் சாகவேண்டும் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. எழும்பாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.