வெர்லனின் பக்கத்து இருக்கை

வண்டி ஓட்டுகிறவர் கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொள்வது சரிப்படாது. சீட் பெல்ட் அதன் மேல் படியும். அவசரத்துக்கு எடுக்க வராது. தூரப் பயணத்தில் எலும்பில் குத்தும். இதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். மற்றதெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருக்கும் வரிசையில்தான் நடந்ததா என்று தெரியவில்லை. அந்த வியாழக்கிழமை தூறல் இருந்ததாக எனக்கு நினைவு. விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் நல்ல வெயில் என்கிறீர்கள். இருக்கலாம்.

என் சிநேகிதர் வெர்லனின் பிக்கப் வண்டியில் துப்பாக்கி உறையைப் பொருத்தியவன் நான். சேணம் தைத்துப் பிழைக்கிறவன், தோல் எனக்குப் பழக்கம். அவருடைய வலது முழங்காலை ஒட்டி, இரண்டு போல்ட் போட்டு முடுக்கினேன். விசையை முழுக்க மறைக்கும் கெட்டித் தோல். மேலே மடிந்து மூடும் ஒரு மூடி, அதற்கு ஒரு பித்தளைப் பொத்தான். எவ்வளவு குழியான சாலையிலும் துப்பாக்கி நழுவாது. கட்டைவிரலால் தட்டினால் கைக்கு வந்துவிடும். வண்டியின் காகிதங்களை மட்டும் எதிர்ப்பக்கம், பக்கத்து இருக்கைக்கு முன்னால் இருக்கும் டேஷ்போர்டுப் பெட்டியில் வைக்கச் சொன்னேன். துப்பாக்கியும் காகிதமும் ஒரே இடத்தில் இருக்கவே கூடாது.

"போலீஸ்காரன் நிறுத்தினா ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல இருக்கணும், வெர்லன். துப்பாக்கி இருக்கு, இன்ன இடத்துல இருக்குன்னு நீங்களே முதல்ல சொல்லிடுங்க. காகிதத்தை நான் எடுத்துக் குடுக்கறேன்."

"அப்ப நீ இல்லாம நான் எங்கயும் போகக் கூடாதுங்கற" என்று சிரித்தார்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

இருபது வருடம், வியாழன்தோறும், நாங்கள் இருவரும் மாட்டு ஏலத்துக்குப் போனோம். அவர் மாடு வாங்குவார், விற்பார். நான் கூடப் போவேன். வழியெல்லாம் பேசமாட்டோம். எண்ணெய் இறைக்கும் பம்புகள் தலையாட்டிக்கொண்டே பின்னால் போகும். அவர் தொண்டையைச் செருமினால் அது என்ன செருமல் என்று எனக்குத் தெரியும். பேசாமல் இருப்பது எல்லாருக்கும் கைவராது. அது எங்கள் இருவருக்கும் மட்டும் வாய்த்தது என்று நினைத்திருந்தேன்.

பிறகு ஹோய்ட் வந்தான். எண்ணெய்க் கிணற்று வேலையை முடித்துக்கொண்டு அர்கன்சாவிலிருந்து வந்தவன். மனைவி இறந்துவிட்டாள். வெர்லனின் வேலிக்கு அடுத்த நிலத்தை வாங்கினான். ஒரு வியாழக்கிழமை நான் போனபோது என் இருக்கையில் உட்கார்ந்திருந்தான்.

"டெல், என் முட்டியப் பாரு, பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு. பின்சீட்ல மடக்க முடியல. உனக்கென்ன, குட்டைக் காலு, நாய்க்குட்டியாட்டம் சுருண்டுக்கலாம்."

வெர்லன் சிரித்தார். தொண்டையில் தொடங்கி இருமலில் முடிகிற சிரிப்பு. அதை நான் அதுவரை கேட்டதே இல்லை.

"அவன் சொல்றதும் சரிதான் டெல். இன்னிக்கு ஒரு நாள் பின்னாடி ஏறிக்கோ."

அதற்குப் பிறகு அந்த முன்கதவை நான் ஏறுவதற்காகத் திறக்கவில்லை. ஏல மைதானத்துச் சாப்பாட்டுக்கடையில் ஓபல் காப்பியை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "என்ன டெல், உன்னப் பின்னாடி தள்ளிட்டாங்களாமே?" ஹோய்ட் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஹோய்ட் பேசிக்கொண்டே வருவான். வெர்லனை "கிழவா" என்பான், வாடா போடா என்பான். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். பேச்சு என் பங்கு இல்லை, அவன் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் செப்டம்பரில் ஒரு நாள் திரும்பி வரும்போது அவன் பேசவில்லை. வெர்லனும் பேசவில்லை. பாதி வழி இருவரும் அப்படியே வந்தார்கள். பின்னாலிருந்து அவர்களுடைய கழுத்துகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெர்லன் லேசாகச் செருமினார். ஹோய்ட் கையை நீட்டி ஏசியைக் குறைத்தான். அது சரியான பதில். நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அடுத்த வியாழன்தான் நீங்கள் கேட்கும் நாள்.

ஏலக் கொட்டகைக்குள் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது. அதனால் அது பூட்டிய வண்டியில் இருக்கும். மாற்றுச் சாவி எப்போதும் என்னிடம்தான். கன்றுகள் ஏலம் போய்க்கொண்டிருந்தபோது வண்டிக்குப் போனேன். உறைப் பொத்தானின் தையல் தளர்ந்திருந்தது. சரிசெய்யும்வரை துப்பாக்கி அதில் இருப்பது ஆபத்து என்று தோன்றியது. எடுத்து டேஷ்போர்டுப் பெட்டியில், காகிதங்களின் மேல் வைத்தேன். உறையின் மூடியை மறுபடி பொத்தானிட்டேன். வெர்லனிடம் சொல்ல மறந்துவிட்டேன். வெகுநாள் எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தையல் தளரவில்லை. நான் தைத்தது தளராது.

பிறகு ஓபலின் கல்லா மேலிருந்த தொலைபேசியில் ஷெரிஃப் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். வெள்ளை பிக்கப், இரண்டு கிழவர்கள், பக்கத்து இருக்கைக்காரன் துப்பாக்கியைக் காட்டி யாரையோ மிரட்டினான் என்றேன். நீங்கள் போட்டுக் காட்டிய குரல் என்னுடையதுதான். ஓபல் சரியாகவே அடையாளம் சொல்லியிருக்கிறாள்.

வயிறு சரியில்லை, வேறு யாருடனாவது வருகிறேன் என்று அவர்களிடம் சொன்னேன்.

"மாட்டுக்கறி வறுவல் ரெண்டு தட்டு உள்ள தள்ளினா அப்படித்தான்" என்றான் ஹோய்ட். சட்டைப் பையிலிருந்து இரண்டு மாத்திரை எடுத்துக் கொடுத்தான். "வாயில போட்டுச் சப்பு. வீட்டுக்குப் போயி போன் பண்ணு, என்ன?"

போட்டுக்கொண்டேன். எலுமிச்சைச் சுவை.

நெடுஞ்சாலையில் லாரிகள் உரசிப் போவதால் காவலர்கள் பக்கத்து இருக்கைப் பக்கம்தான் வந்து நிற்பார்கள். ஆகவே வெர்லனுக்கு ஆபத்து இல்லை. அதை நான் நன்றாக யோசித்திருந்தேன். வண்டியை நிறுத்திய காவலர் புதியவர், தனி ஆள். வெர்லன் நான் கற்றுக்கொடுத்தது எதையும் விடவில்லை. கைகளை ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு, "தம்பி, என் வலது முட்டிகிட்ட உறையில ஒரு துப்பாக்கி இருக்கு. நான் தொடல" என்று சொல்லியிருக்கிறார். காவலரின் பார்வை அங்கே போனது. ஹோய்ட் யாரும் கேட்கும் முன்பே உதவுகிறவன். "காகிதந்தானே, இந்தாங்க" என்று பெட்டியைத் திறந்தான். துப்பாக்கி சரிந்தது. விழுகிற பொருளைப் பிடிக்கக் கை தானாகப் போகும். காவலர் மூன்று முறை சுட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

ஹோய்டை அர்கன்சாவில் அவன் மனைவிக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். அந்தக் காவலர் வேலையை விட்டுவிட்டு எங்கோ தீவனக் கிடங்கில் மூட்டை ஏற்றுகிறாராம். ஓபல் அதே கடையில் இருக்கிறாள்.

வெர்லன் பிக்கப்பை விற்றார். அதற்குப் பிறகு அவர் வண்டி ஓட்டவில்லை. அவருடைய அம்மா கடைசிக் காலத்தில் நினைவு தப்பி இறந்தவர். தனக்கும் அதுதானோ என்று பயந்தார்.

"நான்தான் அத அங்க வெச்சிருக்கணும், இல்லையா டெல்? வேற யாரு வெப்பா?"

"விடுங்க வெர்லன். வயசானா மறக்கத்தான் செய்யும். யாரும் உங்களக் குத்தம் சொல்லல."

என் வண்டியில் உறையை என் முழங்காலை ஒட்டிப் பொருத்தியிருக்கிறேன். காகிதம் எதிர்ப்பக்கம். வியாழன்தோறும் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஏலத்துக்குக் கூட்டிப்போனேன். அவர் ஒரு மாடும் வாங்கவில்லை. அந்தப் பெட்டியின் மேல் முழங்கால் படாமல் ஒதுங்கி உட்காருவார். போன மார்ச்சில் இறந்தார். அந்த இரண்டு வருடமும் வண்டியில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, செருமக்கூட இல்லை. அது எங்கள் பழைய மௌனம்தான். அவர் என்னிடம் திரும்பி வந்துவிட்டார்.