பெயர் கேளாத நடுவர்

— கதவைத் திறக்க இயலாது, பாயிஸ். ஒன்பது மணி என்றால் ஒன்பது மணிதான்.

— இராமகிருஷ்ணன் சேர், புள்ளைகள் வேசத்தோட மழைக்குள்ள நிக்கிறாங்க. ராசாட மீச கரஞ்சி ஓடுது.

— மீசை கரையலாம். விதி கரையக் கூடாது.

— எந்த ஸ்கூல் எண்டாவது கேளுங்களேன். எனக்கொரு சந்தேகம் ஈக்குது...

— பெயரைச் சொல்லாதீர்! பெயர் கேட்ட நடுவர் பாதி விலைபோனவர். நீர் ஏதோவொரு குழுவின் பஸ்ஸில் எனக்கு இடம் ஒழுங்குசெய்தீர். ஏறினேனா? எந்தக் குழு என்றும் கேட்கவில்லை. கைப்பேசியை அணைத்துவிட்டு, விடியலிலேயே அரசாங்க பஸ்ஸில் நின்றபடி கண்டிக்கு வந்தேன்.

— அவங்களுக்கு ஒரு சொல்லுச் செல்லியிருக்கலாமே, சேர்.

— போட்டியாளரோடு நடுவருக்கு என்ன பேச்சு? அது கிடக்கட்டும். முதல் நாடகத்தைப் பார்த்தீரா? குடிகாரன் ஒருவன் விழுந்தானாம், அது துன்பியலாம்! துன்பியல் நாயகன் உயர்ந்தவனாக இருக்க வேண்டும், நல்லவனாக இருக்க வேண்டும். அவனைக் கெடுப்பது அவனுடைய தீமையன்று. எதை எண்ணி அவன் பெருமைப்பட்டானோ, அதுவே.

— அவனுக்கு ஆருமே புத்தி செல்ல மாட்டாங்களா?

— சொல்வார்கள். கேட்க மாட்டான்.

— ம்... இப்ப விளங்குது.

— என்ன விளங்குகிறது?

— ஒண்டுமில்ல. இந்தப் புள்ளைகளுக்கு இது கடைசி வருசம், சேர். இண்டைக்கு ஆடாட்டி மாகாணப் போட்டி இல்ல. அந்த டீச்சர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுக் கையெழுத்து வைங்க.

— வைத்தாயிற்று. தகுதி நீக்கம். இனி நானே நினைத்தாலும் மாற்ற இயலாது; அந்த விதியை எழுதியவனும் நானே. டீச்சரை வரச் சொல்லும்.

— அல்லாஹ்வே... வாங்க டீச்சர்.

— வணக்கம் சார். கிருஷாந்திங்க. தெல்தெனியாவுக்கு மேல, தோட்டத்துப் பள்ளிக்கூடம்.

— நேரத்தோடு புறப்படத் தெரியாதா, அம்மா?

— இருட்டோட பஸ் ஏறிட்டோங்க. வழியில ஒருத்தர ஏத்திக்கிட்டு வரச் சொல்லியிருந்தாங்க. எத்தன தடவ கூப்பிட்டாலும் போன் வேல செய்யல. காத்துக்கிட்டே நின்னுட்டோம்.

— ஒரு மனிதனுக்காக இத்தனை பிள்ளைகளா? யார் அந்தப் பொறுப்பற்றவன்? இந்த மேடையிலேயே அவனுடைய பெயரைச் சொல்லி, இனி எந்த நாடகப் போட்டிக்குள்ளும் கால் வைக்கக் கூடாதென்று அறிவிக்கிறேன்.

— சேர், வேணாம். இதோட விடுங்க.

— குறுக்கிடாதீர், பாயிஸ்! வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பெயரைக் கேட்கிறேன். சொல்லுங்கள், அம்மா.

— பல்லேகலையில, உங்க வீட்டு வாசல்லதான் சார் நின்னோம். நடுவர் ஐயாவ விட்டுட்டுப் போறது மரியாதை இல்லன்னு, புள்ளைங்கதான் பஸ்ஸ எடுக்க விடல.