முதல்ல நீ உக்காரு

— அம்மா, திரும்பத் திரும்பக் கேக்குறேனேன்னு கோச்சுக்காதீங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்களேன். போர்வையை விரிச்சுப் போட்டா உக்காந்து பாக்கத்தான் தோதா இருக்கும்.

— முதல்ல நீ உக்காரு கண்ணு. அப்புறம் நான் உக்கார்றேன்.

— நானா? ஐயையோ, நான் இங்க துணி எடுத்துக் காட்டுறவம்மா. துணி வாங்க வர்றவங்களுக்குத்தான் இந்த ஸ்டூல்.

— அப்ப நீ எங்கதான் உக்காருவே?

— சோத்து நேரத்துல மாடியில, தரையில. மத்தபடி கடை திறந்தா நின்னதுதான். அதோ மேல பாருங்க, கேமரா. முதலாளி ரூம்ல இருந்து பாத்துக்கிட்டே இருப்பாரு. திரைச்சீலைப் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி அசந்துபோய் அலமாரியில சாஞ்சா. அதுக்கே அரை நாள் சம்பளம் போச்சு.

— அதான் குனிஞ்சு குனிஞ்சு கெண்டைக்காலைத் தடவிக்கிறியா?

— பாத்துட்டீங்களா? நரம்பு சுருண்டு கிடக்கும்மா. உக்காந்து பாக்குற வேலையாப் பாரு, இல்லேன்னா வேலையையே விடுன்னு டாக்டர் கறாரா சொல்லிட்டாரு. சத்தியமா சொல்றேன், இந்த மாசத்தோட எழுதிக் குடுத்துட்டுப் போயிடலாம்னு இருக்கேன்.

— போயிட்டு?

— அதுதாம்மா தெரியலை. என் சம்பளத்துலதான் வீட்டுல அடுப்பு எரியுது. எனக்குத் தெரிஞ்சதும் இந்த வேலைதான், பிடிச்சதும் இதுதான். புருஷன் பொண்டாட்டி வந்து போர்வைக்கு முன்னாடி நின்னு சண்டை போடுவாங்க பாருங்க, ஒருத்தருக்கு நீலம்தான் வேணும், ஒருத்தருக்குச் சிவப்புதான் வேணும். நடுவுல புகுந்து சமாதானம் பண்ணி அனுப்புறதுல எனக்கு ஒரு சந்தோஷம்... சரி, என் கதை எதுக்கு? உக்காருங்கம்மா, புண்ணியமாப் போகும். உங்களை நிக்க வச்சிருக்கேன்னு கொக்கு வந்து என்னைக் கொத்திடும்.

— கொக்கா?

— சூப்பர்வைசர் சாருக்கு நாங்க வச்ச பேரு. வெளியில சொல்லிடாதீங்க. மனுஷன் ஒத்தக் கால்லதான் நிப்பாரு. கொஞ்ச நேரம் இந்தக் கால், கொஞ்ச நேரம் அந்தக் கால். ஆனா எங்கள்ல யாராவது லேசா உக்காரப் போனா போதும், எங்கிருந்தோ பறந்து வந்துடுவாரு. அவரு வீட்டம்மா எப்படித்தான் காலம் தள்ளுறாங்களோ, பாவம்!

— அதை ஏன் கேக்குறே. பாவந்தான்.

— ஐயோ, வாயை மூடலை, வந்துட்டாரு! அம்மா, உக்காந்துடுங்கம்மா!

— என்ன இங்க? மேடத்தை ஏன் நிக்க வச்சு... நீ... நீங்க... வாங்க மேடம். என்ன வேணும்?

— போர்வை வேணும் சார். ரெட்டைக் கட்டிலுக்கு. இந்தப் பொண்ணு உக்காந்தா நானும் உக்காந்து நிதானமா வாங்கிக்கிறேன்.

— மேடம், ப்ளீஸ். ரூல்ஸ் அப்படி. நான் போட்டதில்லை, முதலாளி போட்டது. புரிஞ்சுக்கோங்க.

— நல்லாவே புரியுது சார். காசு கையில இருக்கு, அவசரம் ஒண்ணும் இல்லை. அவ உக்கார்ற வரைக்கும் நிக்கிறேன்.

— சார், அங்க பாருங்க! துண்டு விக்கிற இடத்துலயும் வாங்க வந்தவங்க எல்லாரும் நிக்கிறாங்க. திரைச்சீலைப் பக்கமும் அப்படித்தான். ஸ்டூல் எல்லாம் காலியாக் கிடக்கு!

— அட, வாசல் வரைக்கும் நிக்கிறாங்களே! மேடம்... இது உங்க வேலையா?

— ஆரம்பிச்சது நான்தான். பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர பள்ளிக்கூட வாசல்ல நிப்போம்ல, அங்கதான் பேச்சு வந்தது. நாம இந்தக் கடைக்குப் போனா ஓடி வந்து ஸ்டூல் போடுறாளே, அந்தப் பொண்ணு எப்ப உக்காருவான்னு நம்மள்ல ஒருத்தியாவது கேட்டிருக்கோமான்னேன். அப்புறம் ஒருத்தி போய் எங்க தெருத் தையல்காரிகிட்ட சொன்னா. தையல்காரிகிட்ட ஒரு விஷயம் போனா ஊருக்கே போன மாதிரிதானே! சம்பள வாரத்துல கூட்டம் அள்ளும், அப்பவே போவோம்னு முடிவு பண்ணினோம். கத்தக் கூடாது, கடையைத் திட்டக் கூடாது. அவங்க உக்காந்தா வாங்கணும், உக்காரலைன்னா நாமளும் நிக்கணும். அவ்வளவுதான்.

— எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா!

— சொல்லியிருந்தா, தூண்டி விட்டதே நீங்கதான்னு உங்க சீட்டைக் கிழிச்சிருப்பாங்க. இப்ப யாரு கேட்டாலும் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெஞ்சுல கை வச்சுச் சொல்லலாம். இந்தக் கடையில இருக்கிற யாருக்குமே சொல்லலை. யாருக்குமே.

— மேடம், முதலாளி போன்ல... சொல்லுங்க முதலாளி. ஆமா, நிக்கிறாங்க. சண்டையெல்லாம் இல்லை, சிரிச்சுக்கிட்டேதான் நிக்கிறாங்க... மேடம், தள்ளுபடி தர்றாராம்.

— வேணாம்.

— வேணாமாம் முதலாளி... ஜில்லுனு குடிக்க ஏதாவது?

— குடுக்கச் சொல்லுங்க சார். நிக்கத் தெம்பு வேணும்ல.

— முதலாளி, இவங்க அசைய மாட்டாங்க. எனக்குத் தெரியும்... எப்படித் தெரியும்னா... முகத்தைப் பாத்தாலே தெரியுது! முதலாளி, தப்பா நினைக்காம ஒண்ணு கேளுங்க. குடோன்ல பழைய ஸ்டூலும் நாற்காலியும் சும்மாதான் தூசி அடைஞ்சு கிடக்கு. ஆளு வந்தா நம்ம பொண்ணுங்க எழுந்து துணி எடுத்துக் காட்டட்டும், மத்த நேரம் உக்காரட்டும். அவங்க உக்காந்தா வியாபாரம் படுத்துடாது... ஆமா முதலாளி, நான்தான் பேசுறேன்.

— அம்மா, சத்தியமா சொல்றேன், இந்த மனுஷன் முதலாளிகிட்ட இப்படிப் பேசி நான் பாத்ததே இல்லை.

— நானும் எதிர்பாக்கலை கண்ணு.

— மேடம், சரிங்கிறாரு. இன்னைக்கு மட்டும்.

— அப்ப நாளைக்கும் வந்து நிப்போம்னு சொல்லுங்க.

— முதலாளி, நாளைக்கும் வந்து நிப்பாங்களாம்... நாளன்னைக்குமா? அதையும் செய்வாங்க முதலாளி... சரி... சரி. இதோ மைக்குல சொல்லிடுறேன்.

— என்ன சார் சொன்னாரு? அந்த மைக்கை அப்புறம் பிடிங்க, முதல்ல சொல்லுங்க சார்!

— ஊழியர்கள் கவனத்துக்கு. இனிமே ஒவ்வொரு பிரிவுலயும் உங்களுக்கு ஸ்டூல் போடப்படும். ஆள் இல்லாத நேரத்துல உக்காரலாம். இன்னைக்கு மட்டும் இல்லை, என்னைக்குமே உக்காரலாம். சம்பளம் பிடிக்க மாட்டாங்க. குடோன்காரர் உடனே மேல வரவும்.

— கடை முழுக்கக் கை தட்டுறாங்க, கேக்குதா கண்ணு? இதோ, உன் ஸ்டூலும் வந்தாச்சு. கூடவே ஒரு நாற்காலியும் வந்திருக்கு. உக்காரு. நல்லா உக்காரு... என்னடி, அழறியா?

— அழலைம்மா. உக்காந்து பாத்தா கடையே வேற மாதிரி இருக்கு. அடித் தட்டுல இவ்வளவு அழகான போர்வை இருக்கிறது இப்பத்தான் கண்ணுல படுது. நீங்களும் உக்காருங்க, வாக்குக் குடுத்திருக்கீங்க. நீலம் எடுக்கவா, சிவப்பு எடுக்கவா?

— எங்க வீட்டுலயும் அதே சண்டைதான். எனக்குச் சிவப்பு, எங்க வீட்டுக்காரருக்கு நீலம்.

— அவரையும் கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா? ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சுச் சமாதானம் பண்ணியிருப்பேனே!

— இங்கதானே கண்ணு ஒத்தக் கால்ல நிக்கிறாரு... ஏங்க, முழிச்சது போதும், அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு நீங்களும் உக்காருங்க. ராத்திரி ராத்திரி உங்க காலை அமுக்கி என் கை ஓஞ்சு போச்சு.