கலர் கேட்டது ஹமீதுதான்

எங்கள் ஊரில் ரேடியோ வாங்க வருகிறவர்கள் முதலில் அதைத் தூக்கித்தான் பார்ப்பார்கள், ஐயா. பாட்டு கேட்பதெல்லாம் அப்புறம். கனமாக இருந்தால் நல்ல சாமான், லேசாக இருந்தால் டப்பா. காரைக்காலில் பதினெட்டு வருஷம் ரேடியோவும் டி.வி.யும் பழுது பார்த்தவன் சொல்கிறேன், இதை யாராலும் மாற்ற முடியாது.

என் பெயர் தெட்சிணாமூர்த்தி. கடை கோட்டுச்சேரி பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில். ஹமீது என் கடைக்கு வந்தது போன வருஷம், எண்பத்தாறு ஐப்பசியில், நல்ல மழையில். கையில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். டைப் மெஷின் பலகை மாதிரி இருக்கும், டி.வி.யோடு சேர்த்தால் அதில் விளையாட்டு ஆடலாம். அவருடைய அண்ணன் மன்சூர் அலி சார்ஜாவில் எலக்ட்ரீஷியன். அவர்தான் கொடுத்தனுப்பியிருந்தார். மற்ற சாமான்களை நான் தேடிப் பிடித்துப் பூட்டித் தர வேண்டும். ஐயாயிரத்துக்குள்.

ஹமீதுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்தான். வீட்டு முன்னறையில் காசு வாங்கிக்கொண்டு ஆடவிடும் விளையாட்டுக் கடை போட்டுப் பிழைத்துக்கொண்டால் வளைகுடாவுக்குப் போக வேண்டாம். அது ஓடாவிட்டால் விசா தயார். "நானும் போயிட்டா இந்த வீட்டுல ஆம்பளையே இல்லண்ணே" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மன்சூர் அலி கடிதத்தில் ஒரு பட்டியல் எழுதியிருந்தார். டி.வி., டேப் ரிக்கார்டர், இரண்டு ஆட்டக் கைப்பிடி, தனி மரப்பெட்டியில் ஒரு டிரான்ஸ்பார்மர். எதை விட்டாலும் டிரான்ஸ்பார்மரை மட்டும் விடாதீங்க என்று அடிக்கோடு போட்டிருந்தார். விவரம் தெரிந்தவர். இப்போது வருகிற டி.வி.க்களில் இரண்டு முள் பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் உள்ளே இருக்கும் தகட்டில் ஒன்றும் இருக்காது. திருப்பிச் செருகினால் தகடு முழுக்கக் கரண்ட். சும்மா டி.வி. என்றால் தகடு மரப்பெட்டிக்குள் கிடக்கும், யார் கையும் படாது. கம்ப்யூட்டரை அதோடு சேர்த்தால், தகட்டில் இருப்பது ஆடுகிறவன் கைப்பிடி வரைக்கும் வரும். நடுவில் டிரான்ஸ்பார்மர் இருந்தால் பிளக்கை எப்படிச் செருகினாலும் கவலையில்லை. ஆனால் அது விலை. சென்னை ரிச்சி தெருவில்தான் கிடைக்கும். ஐந்தாறு கிலோ இருக்கும்.

பட்டியலில் இருந்தது கருப்பு வெள்ளை டி.வி. ஹமீது கலர் கேட்டார். "கருப்பு வெள்ளையில யாருண்ணே காசு குடுத்து ஆடுவா? கலரா இருந்தா நாளைக்கே சனம் நிக்கும்." நியாயமான பேச்சு. பழைய கலர் டி.வி. ஒன்று என் கைக்கு வந்தது. அதை வாங்கினால் ஐயாயிரத்தில் டிரான்ஸ்பார்மருக்கு இடமில்லை. மூன்று நாள் யோசித்தேன். விளையாட்டெல்லாம் கேசட்டில் இருப்பது, டேப் ரிக்கார்டர் இல்லாமல் கம்ப்யூட்டரில் ஏறாது. கைப்பிடிகளைச் செலவு குறைய லேத்தில் இரும்பிலேயே கடைந்துவிட்டேன். வேறு எதைக் குறைப்பேன்? கலர் கண்ணுக்குத் தெரியும். டிரான்ஸ்பார்மர் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அதற்காக அப்படியே விட்டுவிடவில்லை. பிளக்கில் ஒரு சிவப்புப் பொட்டு, சுவரில் செருகும் இடத்தில் ஒரு பொட்டு, நகப்பாலிஷில் வைத்தேன். இரண்டு பொட்டும் ஒரே பக்கம் இருந்தால் ஆபத்தில்லை. பொட்டோடு பொட்டு சேர்த்துச் செருகுங்கள் என்று மட்டும் ஹமீதிடம் சொன்னேன். இந்த வட்டாரத்து மெக்கானிக்குகள் எல்லோரும் செய்கிற வேலைதான். டிரான்ஸ்பார்மருக்கென்று பட்டியலில் சொன்ன தனி மரப்பெட்டியையும் செய்து, மூடி போட்டு, நாலு பக்கமும் திருகாணி முறுக்கிக் கொடுத்தேன்.

கொண்டுபோய் இறக்கிய அன்று ஹமீதின் மனைவி ஜன்னத் கதவோரம் நின்று கேட்டது. "அண்ணே, கரண்டு சாமான். பயமில்லையே?"

"அந்தச் சின்னப் பெட்டியைத் தூக்கிப் பாரும்மா" என்றேன்.

தூக்கிப் பார்த்துவிட்டு, "அல்லாவே, என்ன கனம்" என்று சிரித்தது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

கடை நன்றாகவே ஓடியது. விசா பேச்சு நின்றுவிட்டது. எனக்கும் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்? ஐயாயிரத்தில் கலர் கொடுத்த மெக்கானிக் என்று திருநள்ளாறு வரை பேசினார்கள்.

பிறகு தர்கா கந்தூரி வந்தது. கந்தூரிக்கு முன்னால் வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடிப்பது அவர்கள் வழக்கம். அடித்தவன் சுவரில் இருந்த பொட்டின் மேலேயும் அடித்துவிட்டான். மன்சூர் அலி லீவில் வந்திருந்தார். என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். போனதும் என் கண் பிளக்குக்குத்தான் போனது. பொட்டு கீழே இருந்தது. மேலே இருக்க வேண்டும். சட்டைப் பையில் டெஸ்டர் எப்போதும் இருக்கும். சும்மா இருந்த கைப்பிடியில் யாரும் கவனிக்காதபோது வைத்தேன். டெஸ்டர் விளக்கு எரிந்தது. கைப்பிடி வரைக்கும் கரண்ட் வந்திருந்தது.

பிளக்கைத் திருப்பிப் போட ஒரு நிமிஷம் போதும். ஆனால் பக்கத்திலேயே மன்சூர் அலி உட்கார்ந்திருந்தார். டிரான்ஸ்பார்மர் இருக்கும் மெஷினுக்குப் பிளக்கை எதற்குத் திருப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அத்தனை விருந்தாளிகள் முன்னால் பெட்டியைத் திறக்கச் சொல்லியிருப்பார். அவர் அந்தச் சின்னப் பெட்டியைக் கையால் அசைத்துப் பார்த்துவிட்டு என்னிடம், "எல்லாம் நான் எழுதுனபடிதானேண்ணே?" என்றார்.

"ஒண்ணும் குறைக்கல தம்பி" என்றேன்.

வேறு என்ன சொல்ல முடியும்? நீங்களே சொல்லுங்கள். ஹமீது ரப்பர் செருப்போடுதான் ஆடிக்கொண்டிருந்தார். ரப்பர் செருப்பு இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. நாளைக்கு வந்து திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு சோறு சாப்பிட்டேன். கறி நன்றாக இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் பாத்திஹா ஓதினார்கள். அதற்காக எல்லோரும் செருப்பை வாசலில் விட்டார்கள். ஓதி முடித்ததும் பெண்கள் முற்றத்தைக் கழுவிவிட்டார்கள். தண்ணீர் முன்னறை வரை வந்தது. நான் விடைபெற்று வாசலில் என் செருப்பைத் தேடியபோது ஹமீதின் ரப்பர் செருப்பு அங்கே கிடந்தது. ஒன்று கவிழ்ந்திருந்தது. நிமிர்த்தி, ஜோடி சேர்த்து வைத்தேன். உள்ளே மெஷினைப் போடும் சத்தம் கேட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கால் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன் என்றது, ஐயா. என் காலே என் பேச்சைக் கேட்கவில்லை.

கோட்டுச்சேரியில் இறங்கிக் கடையைத் திறந்து அரை மணி நேரத்தில் சேதி வந்தது, ஹமீது கரண்ட் அடித்துப் போய்விட்டார் என்று.

ஜன்னத் இப்போது நாலு மாதம் முழுகாமல் இருக்கிறது என்கிறார்கள். கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. அந்தப் பெட்டியை நீங்கள் திறந்து பார்த்துவிட்டீர்கள் என்று தெரியும். உள்ளே இரண்டு செங்கல் இருந்திருக்கும். என் கொல்லைச் சுவருக்கு வாங்கியதில் மிச்சம். ஆடிச் சத்தம் வரக்கூடாதென்று தினத்தாளில் சுற்றி, மரச்சட்டம் வைத்து இறுக்கினேன். எல்லாம் தெரிந்துதான் செய்தேன், தெரிந்துதான் அன்றைக்கு எழுந்து போனேன். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஏமாற்றுக்காரன் என்று மட்டும் எழுதாதீர்கள். டிரான்ஸ்பார்மர் பணம் முழுக்கக் கலருக்குத்தான் போனது. அந்தச் செங்கல் இரண்டுக்கும் நான் அவர்களிடம் காசு வாங்கவில்லை.