டான்ஸ்லியின் கடைசி வியாழக்கிழமை

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சந்தானம் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. "உங்க ரேடியோ எக்ஸ்பீரியன்ஸையே எழுதுங்க சார். டூ பேஜஸ் போதும். ஃபோட்டோ மட்டும் க்ளியரா இருக்கட்டும்" என்றார். நான் எதையும் கடைசி நாள் வரைக்கும் இழுக்கிறவன் இல்லை. ஃபோட்டோவை அன்றைக்கே அனுப்பிவிட்டேன். கட்டுரைதான் இரண்டு பக்கத்துக்குள் அடங்குமா என்று தெரியவில்லை.

என் பெயர் மகாதேவன். அமெரிக்காவில், இந்த பிரிட்ஜ்வாட்டரில் இருபத்து மூன்று வருடமாக இருக்கிறேன். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. அறுபத்தோராவது வயதில் ஒரு கேக்கை வெட்டி அனுப்பிவைத்தார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், சங்கத்தின் இணைய வானொலியில் சனிக்கிழமை ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பழைய பாட்டுகள் போட்டேன். இப்போது எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று திரையின் ஓரத்தில் ஓர் எண் ஓடும். பெரும்பாலும் ஏழு. அதில் ஒன்று நான். இன்னொன்று, என் மனைவி காமாக்ஷி சமையலறையில் வைத்திருக்கும் ஐபேட்.

வீட்டிலும் என் பேச்சைக் கேட்பவர்கள் ஏறக்குறைய அவ்வளவுதான். மகன் மாதவ் பதின்மூன்று வயதிலிருந்தே காதில் ஹெட்ஃபோனோடுதான் சாப்பிடுவான். இப்போது மேற்குக் கரையில், சான் ரமோனில் குடும்பத்தோடு இருக்கிறான். காமாக்ஷி நல்லவள். ஆனால் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் பாதியில் குக்கர் கூப்பிடும், எழுந்து போவாள், திரும்பி வரும்போது வேறு பேச்சோடு வருவாள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

மூன்று வீடு தள்ளி ஹியூபர்ட் டான்ஸ்லி இருந்தார். தொண்ணூற்று நான்கு வயது வெள்ளைக்காரர், இங்கிலாந்துக்காரர், தனியாள். அவருடைய மகள் சூசன் டெக்சாஸில் ஆஸ்டினில் இருக்கிறாள். ஒரு தடவை வந்தபோது எங்களிடம் வாசல் சாவியைக் கொடுத்து, ஏதாவது ஒன்று என்றால் உடனே ஆம்புலன்ஸ், அப்புறம் எனக்கு ஒரு ஃபோன், அவ்வளவுதான் நான் கேட்பது என்றாள். காமாக்ஷி தினமும் கொஞ்சம் ரசம் கொடுத்தனுப்புவாள். அதைக் கோப்பையில் ஊற்றிக் குடித்துவிட்டு, ரொம்ப நன்றி என்று சொல்லச் சொல்லி அனுப்புவார்.

ஒருநாள் ரசப் பாத்திரத்தை எடுக்கப் போனபோதுதான் சுவரில் அந்தப் படத்தைப் பார்த்தேன். கறுப்புக் கோட்டில் பதினான்கு பேர், கையில் வாத்தியங்கள், நடுவில் ஒரு பெரிய மைக், அதன் பக்கத்தில் இளவயது டான்ஸ்லி. யார் இவர்கள் என்று கேட்டேன். "என் ஆர்க்கெஸ்ட்ரா. நீங்கள் பிறப்பதற்கு முன்பே பாதிப் பேர் குடித்தே போய்விட்டார்கள்" என்றார்.

நடனத்துக்கு வாசிக்கிற ஆர்க்கெஸ்ட்ரா. கடற்கரை ஊர் ஒன்றின் ஓட்டல் கூடத்தில் ஆரம்பித்து, இருபத்து மூன்றாவது வயதில் வானொலிக்கு வந்திருக்கிறார். 1953 முதல் 1964 வரை, ஒவ்வொரு வியாழக்கிழமையும் மதியம் மூன்றரையிலிருந்து நாலு மணி வரை நேரடி ஒலிபரப்பு. துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெண்கள், ஆலை கேன்டீன்களில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் என்று லட்சக்கணக்கான பேர் கேட்டிருக்கிறார்கள். யாரும் பார்க்கப்போவதில்லை என்றாலும் பதினான்கு பேரும் ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருக்க வேண்டும். அழுக்கு ஷூ வாசிப்பில் கேட்கும் என்பார். கிட்டார் பையன்கள் வந்தார்கள். நிகழ்ச்சியை நிறுத்துவதாக ஒரு நாள் இரண்டு வரியில் கடிதமும் வந்தது. அதோடு சரி. பதினோரு வருட ஒலிபரப்பில் ஒன்றுகூட இன்று இல்லை. அந்நாளில் டேப் விலை அதிகம் என்பதால் அழித்து அழித்து உபயோகித்துவிட்டார்கள். அந்த வியாழக்கிழமைகள் எல்லாம் அந்த ஒரு தலைக்குள்தான் மிச்சமிருந்தன.

அவரைப் பேசவைத்துப் பதிவு செய்தேன். பன்னிரண்டு பகுதி என்று திட்டம். முதல் பகுதிக்குப் பதினாறு பேர். மூன்றாவதில் இங்கிலாந்தில் பழைய நடன இசை ரசிகர்கள் கூட்டம் ஒன்று இதைக் கண்டுபிடித்துவிட்டது. ஆறாவதில் திரையின் ஓரத்தில் நாலாயிரம். எண்பத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருத்தி, டான்ஸ்லியின் இசைக்கு ஆடித்தான் கணவரைப் பிடித்தேன் என்று எனக்கு எழுதினாள். எனக்கு. அந்தக் கடிதத்தைப் பிரின்ட் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு முன்னால் இருந்ததில்லை, மாதவ் பிறந்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒலிபரப்பில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கடைசிப் பாட்டு சரியாக மூன்று ஐம்பத்தொன்பதே முக்காலுக்கு முடிய வேண்டும். முன்கூட்டியே முடிகிற மாதிரி இருந்தால் இடது கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டுவார். கை இறங்குகிற வரைக்கும் வாசிப்பவர்கள் முடிவுக்குப் போகாமல் அதே எட்டு அடிகளைச் சுற்றிச் சுற்றி வாசிக்க வேண்டும். ஒன்பதாம் பகுதியில் இதை விவரமாகச் சொல்லியிருக்கிறார். இடது கை என்றால் பொறு என்று அர்த்தம்.

பன்னிரண்டாம் பகுதி, அவருடைய கடைசி வியாழக்கிழமையைப் பற்றியது. அன்றைக்கு நிலையத்தார் எழுதிக் கொடுத்த விடைபெறும் அறிவிப்பைப் படிக்காமல் அவர் வேறு என்னவோ சொல்லியிருக்கிறார். என்னவென்று அறுபது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை, சூசனிடம்கூட. பன்னிரண்டாவதில் சொல்கிறேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதை நான் பதினோராம் பகுதியின் முடிவில் அறிவித்தும் விட்டேன்.

அக்டோபரில் அவர் தளர்ந்துபோனார். சூசன் வந்து ஆஸ்டினுக்குக் கூட்டிப்போவதாக முடிவாகி, புதன்கிழமைக்கு டிக்கெட் போட்டிருந்தாள். அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை நான் மைக்கை எடுத்துவைக்கும்போது காமாக்ஷி வாசலில் நின்றாள்.

"ஏன்னா, அவர் முகமே சரியில்லை. ரெண்டு நாளா ரசத்தைக்கூடத் தொடலை. இன்னிக்கு ரெகார்டிங்கை ஸ்கிப் பண்ணுங்களேன்."

"புதன்கிழமை அவர் போயிடறார்டி."

"போனா என்ன? அங்கேர்ந்து ஃபோன்ல பேசட்டுமே."

ஃபோனில் பதிவு செய்தால் குரலின் அடிப்பகுதி போய்விடும். அதை அவளுக்கு விளக்க நேரமில்லை.

பத்தரைக்கு ஆரம்பித்தேன். மேஜைமேல் கைபேசி அதிர்ந்தால் அந்தச் சத்தம் பதிவில் ஏறும். அதனால் என்னுடையதை ஃப்ளைட் மோடில் போட்டேன். அவருடையதை எடுத்து எனக்குப் பின்னால் இருந்த ஜன்னலோரம் வைத்தேன். நன்றாகப் பேசினார். "கடைசிப் பாட்டு முடிந்தது, பதினைந்து விநாடி மிச்சமிருந்தது, அறிவிப்புத் தாளை மடித்துப் பையில் வைத்தேன், மைக்கின் பக்கம் திரும்பினேன், நான் சொன்னது என்னவென்றால்" என்றார். அங்கே நின்றது. இருபத்திரண்டாவது நிமிடம்.

வலது கை நாற்காலிப் பிடியிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. வாய் ஒரு பக்கம் இறங்கியது. பிறகு இடது கையை உயர்த்தி உள்ளங்கையை என் பக்கம் காட்டினார்.

அந்தத் தொடரைக் கேட்காத ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் பதறியிருப்பார். எனக்கு அந்தக் கையின் அர்த்தம் தெரியும். பொறு என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். கை என்னைப் பார்த்து நீண்டதா, ஜன்னலைப் பார்த்து நீண்டதா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

நான் பொறுத்தேன். பதற்றம் எதுவும் எனக்கு இல்லை. பதிவின் அளவு சரியாக ஏறுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். குரல் சன்னமாகிவிட்டதால் மைக்கை ஒரு சாண் அவர் பக்கம் தள்ளினேன். என்ன சொன்னீர்கள் என்று ஒன்பது முறை கேட்டிருக்கிறேன்; ஒன்பது முறையும் மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறேன்.

இருபத்தைந்தாவது நிமிடத்தில் அவர் 'ஃபோன்' என்றார். குழறலாக இருந்தாலும் அது அந்த வார்த்தைதான். இருபது வருடம் கான்ஃபரன்ஸ் காலில் எல்லா தேசத்து உச்சரிப்பையும் கேட்டுப் பழகிய காது இது. மொத்தம் ஏழு முறை சொன்னார். நான்காவது முறைக்கு நான் பதில் சொன்னதும் பதிவாகியிருக்கிறது: "கூப்பிடலாம் ஹியூபர்ட். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் முடித்துவிடுங்கள்."

அவர் முயன்று பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். அறுபத்தோராவது நிமிடத்தில் கை இறங்கியது. ரெகார்டரை நிறுத்தினேன். இப்படிப்பட்ட பதிவுக்கு ஒரே பிரதியை நம்பக் கூடாது. லேப்டாப்பில் இன்னொரு பிரதி எடுத்தேன்; அதற்கு நாலு நிமிடம் ஆனது. பிறகு 911-ஐக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், எப்போது ஆரம்பித்தது, நிமிடக் கணக்கில் சொல்ல முடியுமா என்று கேட்டார். பதினொன்றரைக்கு என்றேன். பத்து ஐம்பத்திரண்டு என்பது எனக்குத் தெரியும், ரெகார்டரில் போட்டிருக்கிறது. இந்த வயதில் பிழைப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று அந்த டாக்டரே சொன்னார். அதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

திங்கட்கிழமை போய்விட்டார். ஞாயிறே வந்துவிட்ட சூசன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா தனியாக இல்லை, நீங்கள் கூட இருந்தீர்கள், எனக்கு அது போதும் என்றாள். அந்தக் கடைசி வியாழக்கிழமையில் என்ன சொன்னாராம், உங்களிடமாவது சொன்னாரா என்று கேட்டாள். சொன்னார், நிகழ்ச்சியில் கேளுங்கள் என்றேன்.

அவர் சொல்லவில்லை. முப்பத்தொன்பது நிமிடம் காத்திருந்தும் எனக்கு அந்த வாக்கியம் கிடைக்கவில்லை. ஆனால் நிகழ்ச்சியை அறிவித்தாயிற்று. பதினோரு பகுதியிலும் அவருடைய வார்த்தைகள் ஏராளமாக என்னிடம் இருந்தன. நான்காம் பகுதியில், மழையில் நின்ற தன்னை ஓட்டல் காவல்காரர் உள்ளே விட்டதைப் பற்றிச் சொல்வார். அதிலிருந்து 'என்னை வரவிட்டதற்கு'. ஏழாம் பகுதியில் இஸ்திரி போடும் பெண்களைப் பற்றிச் சொல்லும்போது 'உங்கள் வீட்டுக்குள்'. 'நன்றி' இரண்டாம் பகுதியில் இருந்தது. காமாக்ஷியின் ரசத்துக்குச் சொன்னது. மூன்று நாள் உட்கார்ந்து ஒட்டினேன். நடுவில் அவர் மூச்சு இழுக்கும் சத்தத்தையும் வைத்தேன். ஏழு 'ஃபோன்'களையும் எடுத்துவிட்டேன்.

உங்கள் வீட்டுக்குள் என்னை வரவிட்டதற்கு நன்றி.

பதினோராயிரம் பேர் கேட்டார்கள். மூன்று பத்திரிகைகளில் அந்த வாக்கியம் வந்தது. வானொலியில் ஒருவர் விடைபெறுவதற்கு இதைவிட நல்ல வார்த்தைகள் உண்டா என்று ஒருவர் எழுதியிருந்தார். அழுதேன் அழுதேன் என்று கடிதங்கள். எல்லாம் டான்ஸ்லியின் பெருந்தன்மையைப் பற்றி, டான்ஸ்லியின் எளிமையைப் பற்றி.

டிசம்பரில் ஒருநாள் நான் கடையிலிருந்து திரும்பியபோது காமாக்ஷி என் மேஜையில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தாள். வெட்டாத பதிவு திரையில் ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பதாவது நிமிடத்தைத் தாண்டியிருந்தது.

"ஃபோன் ஃபோன்னு கேக்கறாரே. உங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுது."

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி ஒயரைச் சுற்றி வைத்தாள். அந்த வாரமே சான் ரமோனுக்குப் போனாள். பேத்தி தீக்ஷாவுக்கு டேகேர் சரியாக அமையவில்லையாம். ஐந்து மாதம் ஆகிறது. மாதவிடம் எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவன் எப்போதும்போல வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை மட்டும் அனுப்புகிறான். வீடு அமைதியாக இருக்கிறது. ரெகார்டிங்குக்கு நல்லதுதான்.

யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். போலீஸ் வரவில்லை. ஆஸ்பத்திரி கேட்கவில்லை. காமாக்ஷி யாரிடமும் சொல்கிறவள் இல்லை. இதை எழுதாமல் இருந்திருந்தால் இது என்னோடு போயிருக்கும். குற்ற உணர்ச்சியால் எழுதுகிறேன் என்று சந்தானமோ சங்கத்தாரோ நினைத்துக்கொண்டால் அது சரியில்லை. அந்த முப்பத்தொன்பது நிமிடத்தில் கூப்பிட்டிருந்தால் அவர் பிழைத்திருக்கலாம். எனக்கு அது அப்போதே தெரியும். இருபத்தைந்தாவது நிமிடத்திலேயே தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் சூசன் ஒரு படம் அனுப்பினாள். அப்பாவுக்கு ஆஸ்டினில் கல் வைத்திருக்கிறாள். கறுப்புக் கல், மேலே சின்னதாக ஒரு மைக், ஹியூபர்ட் டான்ஸ்லி என்று பெயர், வருடங்கள், கீழே மேற்கோள் குறிக்குள் அந்த வாக்கியம். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் பெயர் எங்கேயும் இல்லை.